டீப் ஆப்பிள் பை: மேலே கோபுரம், உள்ளே குகை, அடியில் களி. எங்கே தப்பு பண்றேன்?

பின்கட்டு | ஞாயிறு, இரவு 9:40

வணக்கம் மக்களே. கொஞ்சம் புலம்பிட்டு அப்புறம் கேள்விக்கு வர்றேன்.

இங்கிலாந்துல நாட்டிங்காம் பக்கம் இந்த வீட்டுக்குக் குடிவந்து ஒன்றரை வருஷம் ஆகுது. பின்பக்கத் தோட்டத்துல ஒரு கிழட்டு ஆப்பிள் மரம். போன வருஷம் மொத்தமே ஏழெட்டுக் காய்தான். இந்த வருஷம் கிளை தாங்காம முட்டுக் கொடுத்து நிறுத்தியிருக்கோம். பக்கத்து வீட்டுக்காரம்மா எட்டிப் பார்த்துட்டு, இது பிராம்லி, அப்படியே தின்னாதே, பை பண்ணுன்னாங்க. ஒரு காய் கால் கிலோவுக்குக் குறையல. சொன்னதைக் கேக்காம கடிச்சுப் பார்த்தேன், காது வரைக்கும் கூசிடுச்சு. முதல் வாரம் ரெண்டு கிலோவைத் தொக்கு போட்டேன். மாங்காய்த் தொக்குன்னு சொல்லிக் கொடுத்தேன், வாங்கிட்டுப் போனவங்க யாரும் சந்தேகப்படல.

சரி, பை. 23 செ.மீ. பீங்கான் தட்டு, 5 செ.மீ. ஆழம். கீழேயும் மேலேயும் மாவு. ஆப்பிள் 1200 கிராம், பச்சையாவே நறுக்கி, சர்க்கரை கலந்து, குவியலா அடுக்கி மூடினேன். 200 டிகிரி, 45 நிமிஷம். வெளிய எடுத்தப்போ பார்க்கணுமே, பொன்னிறத்துல தஞ்சாவூர் கோபுரம் மாதிரி நின்னுச்சு. வீட்டுக்காரரோட ஆபீஸ் ஆளுங்க நாலு பேர் மேஜையில உக்காந்திருக்காங்க. கத்தியை வச்சேன், டொக்குன்னு மேலோடு உள்ள விழுந்துச்சு. உள்ள மூணு விரல் உயரத்துக்கு வெறும் காத்து. அதுக்குக் கீழே ஆப்பிள் கூழ். அதுக்கும் கீழே வேகாத கொழுக்கட்டை நிறத்துல ஒரு படலம். கிண்ணத்துல அள்ளிப் போட்டு, கஸ்டர்ட் ஊத்தி, கரண்டி குடுத்து சமாளிச்சேன். அவங்க நல்ல மனுஷங்க, தின்னுட்டாங்க.

குகை ஏன் வருது? அடி ஏன் வேகல? பிராம்லி ஏன் கூழாகுது? மரத்தை வெட்டணுமா, நான் திருந்தணுமா?

ஓடிஜி_ஒண்டிவீரன் | ஞாயிறு, இரவு 10:05

அக்கா, படம் இல்லாததுக்கு நன்றி, நானே கற்பனை பண்ணிக்கிட்டேன். சென்னையில நான் ஆப்பிள் பை பண்ணப்போறேன்னு அம்மாகிட்ட போன்ல சொன்னேன். "எதுக்குடா, வீட்டுல துணிப்பை நெறைய கெடக்கே"ன்னாங்க. இழையைப் பின்தொடர்றேன்.

நியூஜெர்சி_சித்தப்பா | திங்கள், அதிகாலை 3:12

மரத்தை வெட்ட வேண்டாம்மா, ஆனா அந்தக் காயை பைக்குள்ள போடாதே. குழையிற ஆப்பிளை வச்சு பை பண்ணா கூழ்தான் வரும். கிரானி ஸ்மித்ங்கிற பச்சைத்தோல் ஆப்பிள் வாங்கு. வெந்தாலும் துண்டு துண்டா நிக்கும், புளிப்பும் இருக்கும். 20 வருஷமா ஒவ்வொரு நவம்பரும் நான்தான் வீட்டுல பை போடுறேன். ஆப்பிளை வேகவைக்காமத்தான் உள்ள போடணும். முன்னாடியே வேகவச்சா ஜாம் போட்ட பன் மாதிரி ஆயிடும். பட்டைத்தூள் ஒரு ஸ்பூன் தாராளமா. இது அமெரிக்கப் பலகாரம்மா, அமெரிக்க வழியில பண்ணு.

கறுவாப்பட்டை | திங்கள், காலை 7:50

சித்தப்பா, காலங்காத்தால சிரிக்க வைக்கிறியள். அமெரிக்கப் பலகாரமோ? இங்கிலாந்தில 1381ஆம் ஆண்டிலயே அப்பிள் பைக்கு எழுத்தில செய்முறை இருக்கு. அப்பிள், பேரிக்காய், அத்திப்பழம், முந்திரிகை வத்தல் (உலர் திராட்சை), நிறத்துக்குக் குங்குமப்பூ. சீனி எண்ட பேச்சே இல்லை. அந்த நேரம் கொலம்பஸ் பிறக்கவும் இல்லை. அங்க காட்டு அப்பிள்தான் இருந்தது, நாங்கள் சாப்பிடுற அப்பிள் குடியேறின ஆக்களோட கப்பல் ஏறிப் போனது.

பிள்ளை பின்கட்டு, நீர் இருக்கிற இடம் உமக்குத் தெரியுமோ? அந்த மரத்தின்ர தாய்மரம் உங்கட மாவட்டத்திலதான், சவுத்வெல் எண்ட சின்ன ஊரில. 1809இல மேரி ஆன் பிரெயில்ஸ்ஃபோர்ட் எண்ட சின்னப் பெட்டை போட்ட விதை. 1846இல அந்த வீட்டை மாத்யூ பிராம்லி எண்ட இறைச்சிக் கடைக்காரர் வாங்கினார். 1856இல ஹென்றி மெரிவெதர் எண்ட பதினேழு வயசுப் பெடியன் வந்து ஒட்டுக்குக் குச்சி கேக்க, என்ர பேரை வைச்சால் தாறன் எண்டாராம். விதை போட்ட பெட்டையின்ர பேர் போச்சு, வீடு வாங்கின மனிசன்ர பேர் நிண்டிட்டுது. உந்த அநியாயத்துக்காகவாவது மரத்தை வெட்டாதையும். ஒரு வருசம் கொட்டி, அடுத்த வருசம் கையை விரிக்கிறதும் அதின்ர குணம்தான்.

நான் லண்டனில ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில 18 வருசம் வேலை செய்தனான். வெள்ளிக்கிழமை எண்டால் பை, தட்டுத் தட்டா. எங்கட தலைமைச் சமையல்காரி ஒரு வெள்ளைக்காரக் கிழவி, கறாரான மனுசி. அவ சொல்லித் தந்ததைப் பின்னேரம் வடிவா எழுதுறன், இப்ப வேலைக்கு ஓடோணும்.

ரசாயனவாத்தி | திங்கள், காலை 11:30

கோவையிலிருந்து. பை சுட்ட அனுபவம் எனக்கு இல்லை, சாப்பிட்ட அனுபவம் மட்டும் உண்டு. ஆனால் குகைக்குக் காரணம் சொல்ல முடியும்.

ஆப்பிளில் ஏறக்குறைய 85 சதவீதம் தண்ணீர். பின்கட்டு அம்மா போட்ட 1200 கிராமில் ஒரு லிட்டர் தண்ணீர் இருந்திருக்கிறது. அது மட்டுமில்லை, ஆப்பிளின் கன அளவில் கால் பங்குக்குக் கிட்டத்தட்ட காற்று. ஆப்பிள் தண்ணீரில் மிதப்பது அதனால்தான். சூடேறும்போது முதலில் மேலோடு விறைத்து, எந்த உயரத்தில் இருந்ததோ அதே உயரத்தில் நின்றுவிடுகிறது. அதற்குப் பிறகுதான் உள்ளே காற்று வெளியேறி, சாறு விட்டு, ஆப்பிள் கீழே அமுங்குகிறது. கூரை போட்டபின் தரை இறங்கிய வீடு மாதிரி. இறங்கிய சாறு எங்கே போகும்? அடி மாவுக்குத்தான். ஆக, குகையும் களியும் இரண்டு நோய் இல்லை, ஒரே நோய்.

கூழாவது வேறு விஷயம். செல்களை ஒட்டவைத்திருக்கும் பசை பெக்டின். பிராம்லி வெந்தால் செல்கள் ஒன்றைவிட்டு ஒன்று சட்டென்று பிரிந்துவிடும், கிரானி ஸ்மித்தில் அவ்வளவு சீக்கிரம் பிரியாது. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. ஆப்பிளை முதலில் 60, 70 டிகிரி அளவில் கொஞ்ச நேரம் மிதமாகச் சூடாக்கினால், பழத்தில் இருக்கும் ஒரு நொதி வேலை செய்து பெக்டினை இறுக்கிவிடும். பிறகு நன்றாக வேகவைத்தாலும் துண்டு அவ்வளவு கரையாது. சித்தப்பா சார் சொன்ன "ஜாம் பன்" பயத்துக்கு இது பதில்.

நியூஜெர்சி_சித்தப்பா | திங்கள், மாலை 6:20

வாத்தியார் ஐயா, விஞ்ஞானம் சரி. ஆனா குகைக்கு என்கிட்ட வேற மருந்து இருக்கு. ஆப்பிளைக் கட்டை கட்டையா வெட்டாம அரை செ.மீ. தடிமனுக்கு ஒரே சீரா சீவி, தட்டையா, சந்தில்லாம அடுக்கணும். கையால அழுத்தி அழுத்தி அடுக்கினா குகைக்கு இடமே இல்ல. மேலே அஞ்சு கீறல். அந்தக் கீறல் வழியா சாறு கெட்டியா குமிழ் விடற வரைக்கும் வெளிய எடுக்கக் கூடாது. 45 நிமிஷம் எந்த மூலைக்கு? எனக்கு ஒரு மணி நேரத்துக்கு மேலதான் ஆகும். மேலோடு பொன்னிறம் ஆனதைப் பார்த்து ஏமாந்திருக்கு இந்தப் பொண்ணு.

கறுவாப்பட்டை | திங்கள், இரவு 8:45

சித்தப்பா அடுக்கிற விசயத்திலயும் குமிழ் விசயத்திலயும் சொன்னது சரி. பச்சையாப் போடுறதிலதான் எனக்கு மனவருத்தம்.

முதல்ல மா. 23 செ.மீ. ஆழத் தட்டுக்கு மேலும் கீழும் சேர்த்து பிளைன் மா (மைதா) 450 கிராம், பட்டர் 225. மா எவ்வளவோ அதில சரி பாதி பட்டர், அவ்வளவுதான் கணக்கு. ஒரு சிட்டிகை உப்பு, ரெண்டு மேசைக்கரண்டி சீனி, ஒரு முட்டை மஞ்சள் கரு. பட்டர் ஃபிரிட்ஜில இருந்து நேர வரோணும். விரல் நுனியால மட்டும் பிசிறும், உள்ளங்கை படக்கூடாது, உள்ளங்கைச் சூட்டில பட்டர் உருகிப்போம். எந்தப் பதம் எண்டு கேட்டால், புட்டு மா பதம். பிடிச்சால் பிடிபடோணும், விட்டால் உதிரோணும். கிழவி இதை ரொட்டித்தூள் பதம் எண்டு சொல்லுவா, எனக்குப் புட்டெண்டு நினைச்ச உடன கை தானாப் பழகிட்டுது. பிறகு ஐஸ் தண்ணி, ஒவ்வொரு மேசைக்கரண்டியா, ஒண்டு சேருற அளவுக்கு மட்டும். ரொட்டிக்குக் குழைக்கிற மாதிரிக் குழைச்சீரோ, றப்பர்தான். சுத்தி அரை மணித்தியாலம் ஃபிரிட்ஜில வையும்.

அப்பிள் தோலோட ரெண்டு கிலோ எடும். 1200 காணாது, வத்தும். முக்கால் கிலோ பிராம்லி, மிச்சம் கொக்ஸ் இல்லாட்டி பிரேபேர்ன் எண்ட அப்பிள் வகை. கலந்து போடுறதுதான் சூட்சுமம். பிராம்லி கரைஞ்சு குழம்பாகும், மற்றது துண்டா நிக்கும். குழம்பு துண்டுகளைப் பிடிச்சு வைக்கும். பருப்பில்லாத சாம்பார் மாதிரி வெறும் துண்டு தனியா நிண்டு என்ன பிரயோசனம்? 200 கிராம் சீனி போட்டுப் பிரட்டி ஒரு மணித்தியாலம் வையும். தண்ணி விடும். அந்தத் தண்ணியை வடிச்சு, சின்னச் சட்டியில பாகாகும் மட்டும் வத்த விடும். அப்பிளை அகலச் சட்டியில, சின்ன நெருப்பில, மூடி போட்டுப் பத்து நிமிசம். வாத்தியார் சொன்ன அந்த மிதமான சூடு இதுதான் போல, கிழவிக்கு நொதியும் தெரியாது ஒண்டும் தெரியாது. பிறகு ரெண்டு மேசைக்கரண்டி கோன்ஃப்ளவரைத் துளித் தண்ணியில கரைச்சுப் பாகோட சேர்த்துக் கலந்து, முழுக்க ஆற விடோணும். சூடா மாவில கொட்டினால் பட்டர் அங்கேயே உருகும்.

அடிக்கு: பீங்கான் தட்டைத் தூக்கி வையும். அது மெல்லத்தான் சூடேறும். மெல்லிய இரும்பு டின் வேணும். அவன் அடுப்புக்குள்ள ஒரு கனமான தட்டை முதலே வைச்சு நல்லாச் சூடாக்கி, டின்னை அதுக்கு மேல வையும். தோசைக்கல்லு காயாமல் மா ஊத்துவீரோ? அதே கதைதான். மாவுக்கு மேல ஒரு கரண்டி ரவை தூவினால் கசியிற சாறை அது குடிக்கும். 200இல 25 நிமிசம், பிறகு 180இல 40 நிமிசம். உள்ளுக்கு விசிறி இருக்கிற ஃபான் அவன் எண்டால் 20 டிகிரி குறைச்சு வையும்.

கடைசியா, மூண்டு மணித்தியாலம் தொடக்கூடாது. சூட்டோட வெட்டினால் எவ்வளவு நல்லாச் செய்தாலும் ஓடும்.

நியூஜெர்சி_சித்தப்பா | திங்கள், இரவு 10:02

நீளமா எழுதியிருக்கீங்க, பட்டையைப் பத்தி ஒரு வார்த்தை இல்லையே? பேரே கறுவாப்பட்டைன்னு வச்சுக்கிட்டு!

கறுவாப்பட்டை | திங்கள், இரவு 10:15

கறுவா எங்கட நாட்டுச் சாமான், அதைப் பற்றி எனக்குச் சொல்லித் தர வேண்டாம். போட்டால் போடுங்கோ, கால் தேக்கரண்டி. ஒரு கரண்டி போட்டால் அப்பிள் எங்க, கறுவா எங்க எண்டு தேடோணும். இங்க பழைய ஆக்கள் ரெண்டு கராம்பு போடுவினம், அவ்வளவுதான்.

ஓடிஜி_ஒண்டிவீரன் | செவ்வாய், காலை 9:20

நான் ஒரு கேள்வி கேக்கலாமா? இங்க பிராம்லியும் இல்ல, கொக்ஸும் இல்ல. சிம்லா ஆப்பிள்தான் மலிவு. போன மாசம் அதை வச்சுப் பண்ணி, சப்புன்னு இனிப்பா, பஞ்சு மாதிரி வந்துச்சு. அப்புறம் சென்னையில பட்டரை விரல் நுனியில பிசிறுறதெல்லாம் நடக்கிற காரியமா? தொட்டதுமே நெய்யாயிடுது.

ரசாயனவாத்தி | செவ்வாய், நண்பகல் 12:10

தம்பி, அது பெரும்பாலும் டெலிஷியஸ் வகை. சாமுவேல் ஸ்டோக்ஸ் என்ற அமெரிக்கர் 1916 வாக்கில் இமாச்சலத்தில் கோட்கட் பக்கம் கொண்டுவந்து நட்டது. கடித்துத் தின்னத்தான் லாயக்கு. சூப்பர் மார்க்கெட்டில் பச்சை ஆப்பிள் என்று இறக்குமதி கிரானி ஸ்மித் கிடைக்கும், விலை குத்தும். பாதிக்குப் பாதி கலந்து, ஒரு எலுமிச்சம்பழம் பிழிந்து, சர்க்கரையைப் பாதியாகக் குறைத்துப் பாருங்கள்.

நியூஜெர்சி_சித்தப்பா | செவ்வாய், மாலை 5:40

பட்டருக்கு வழி சொல்றேன் தம்பி. ஃப்ரீசர்ல கல்லாட்டம் ஆக்கி, தேங்காய் துருவுற மாதிரி காய்கறித் துருவியில மாவு மேலயே துருவு. மாவையும் பாத்திரத்தையும்கூட அரை மணி நேரம் ஃப்ரீசர்ல வை. ஏசி இருந்தா அந்த ரூம்ல உக்காந்து பண்ணு, வெக்கப்படாதே. அங்க கடையில கிடைக்கிற பட்டர் பெரும்பாலும் உப்புப் போட்டது, அதனால தனியா உப்பு வேண்டாம். ஓ.டி.ஜி.ங்கிற அந்த கரண்ட் அவன்ல ஒரு வசதி இருக்கு, கீழே சூடாகிற கம்பியை மட்டும் போட முடியும். முதல் 15 நிமிஷம் கீழ் கம்பி மட்டும், அப்புறம் ரெண்டும்.

அரைச்சுவைத்தது | புதன், காலை 8:00

குறுக்கே வர்றேன். ரெடிமேட் பேஸ்ட்ரி வாங்கினா என்ன? நாங்க சைவம்.

கறுவாப்பட்டை | புதன், காலை 8:30

வாங்கலாம், ஒரு குத்தமும் இல்லை. லேபிளை வாசியுங்கோ. லார்ட் எண்டு இருந்தால் பன்றிக் கொழுப்பு, சூவெட் எண்டால் அநேகமா மாட்டுக் கொழுப்பு. முழுக்கப் பட்டர் எண்டு எழுதினதும், தாவரக் கொழுப்பில செய்ததும் இருக்கு. பள்ளிக்கூடத்தில நாங்கள் பாதி லார்ட் போட்டனாங்கள், மாவுக்கு அது குடுக்கிற மொறுமொறுப்பு வேறதான், பொய் சொல்லேலாது. வீட்டில பட்டர் மட்டும்தான்.

மட்டுறுத்துநர் | புதன், காலை 9:15

"எது அசல் பை" என்ற தலைப்பில் வந்த பதினோரு பதிவுகளைத் தனி இழைக்கு மாற்றியிருக்கிறோம். அங்கே போய்ச் சண்டை போடவும்.

பின்கட்டு | சனி, இரவு 10:30

பண்ணிட்டேன். இருங்க, நிதானமா சொல்றேன்.

18 பவுண்டு கொடுத்து ஒரு ஆழமான டின் வாங்கினேன், அடித்தட்டு கழண்டு வர்ற மாதிரி. பிராம்லி முக்கால் கிலோ, கொக்ஸ் ஒண்ணேகால் கிலோ. சர்க்கரையில பிரட்டி வச்சுட்டுத் துணி காயப்போடப் போனேன். திரும்பி வந்து பார்த்தா பாத்திரத்துக்கு அடியில ஒரு டம்ளர் தண்ணி நிக்குது! போன தடவை இது அத்தனையும் அடி மாவுக்குள்ள போயிருக்குன்னு நினைச்சப்போ எனக்கே பாவமா இருந்துச்சு. அதை வத்தவச்சேன், கம்பிப் பதத்துக்குக் கொஞ்சம் முன்னாடி எடுத்துட்டேன், இளஞ்சிவப்பா, ஒரு வாசனையோட. பிராம்லி சட்டியில பாதி கரைஞ்சுது. கொக்ஸ் அப்படியே ஓரம் கண்ணாடி மாதிரி ஆகி நின்னுச்சு.

மாவுக்குப் புட்டுப் பதம்னு சொன்னீங்களே கறுவா அக்கா, அதுக்கே உங்களுக்கு ஒரு கும்பிடு. இவ்வளவு நாளா சப்பாத்தி மாவு நினைப்புல பிசைஞ்சிருக்கேன். ஓரத்தை சோமாசி மடிப்பு மடிச்சேன். அம்மாவோட சோமாசிக் கரண்டி இங்க இல்ல, கை விரல்தான். சித்தப்பா சொன்ன அஞ்சு கீறல்.

ஒரு மணி அஞ்சு நிமிஷத்துல நடுக் கீறல்ல சாறு குமிழ் விட்டுச்சு. முதல்ல தண்ணியா, சட சடன்னு. எடுத்துடலாமான்னு கை பரபரத்துச்சு. இன்னும் எட்டு நிமிஷம் பொறுத்தேன். குமிழ் சோம்பேறியா, கூழ் கொதிக்கிற மாதிரி பொளக் பொளக்குன்னு ஆச்சு. அப்ப எடுத்தேன். மூணு மணி நேரம் ஆற வச்சேன். பையன் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை வந்து தொட்டுப் பார்த்துட்டுப் போனான்.

வெட்டினா, துண்டு துண்டாவே வந்துச்சு! நின்னுச்சு! அடி பிஸ்கட் நிறம், தட்டினா டக் டக்குன்னு சத்தம். மேலோட்டுக்கும் ஆப்பிளுக்கும் நடுவுல இன்னும் அரை விரல் சந்து இருக்கு. அது ஏன்னு வாத்தியார் சொல்லணும். குறை ஒண்ணு: நடுவுல ஒரு இடத்துல மட்டும் கொஞ்சம் ஈரம். ரவை அங்க சரியாப் பரவலையோ என்னவோ.

பக்கத்து வீட்டுக்காரம்மாவுக்கு ஒரு துண்டு கொண்டுபோனேன். ஒரு வாய் வச்சுட்டு உள்ள போய், வெண்ணிறமா உதிர்ற ஒரு சீஸ் துண்டை எடுத்துட்டு வந்து பை மேல வச்சு எனக்கும் நீட்டினாங்க. அவங்க யார்க்‌ஷயர்க்காரங்களாம். வென்ஸ்லிடேல் சீஸ் இல்லாத ஆப்பிள் பை, அணைப்பில்லாத முத்தம் மாதிரின்னு அங்க ஒரு பழமொழி உண்டாம். எழுபது வயசு தாண்டின அம்மா அதைச் சொன்னப்போ எனக்குத்தான் வெக்கமா போச்சு. ஆனா சும்மா சொல்லக்கூடாது, உப்பும் புளிப்பும் இனிப்பும் சேர்ந்து, மாங்காயில உப்பு மிளகாய்த்தூள் தொட்ட மாதிரி ஒரு பொருத்தம்.

நியூஜெர்சி_சித்தப்பா | சனி, இரவு 11:48

துண்டு நின்னது கொக்ஸால, பிராம்லியால இல்லங்கிறதை மட்டும் பதிவு பண்ணிக்கிறேன். மத்தபடி, நல்லா பண்ணியிருக்கே. நவம்பர்ல ஒரு டின் பச்சையா, ஒரு டின் வேகவச்சு, ரெண்டும் பண்ணிப் பார்க்கறேன். வீட்டுல சொல்லாதீங்க.

ரசாயனவாத்தி | ஞாயிறு, காலை 7:05

அந்த அரை விரல் சந்து நீராவிக்கு உரியது. உள்ளே இருப்பது எவ்வளவு இறுகியிருந்தாலும் கொஞ்சம் நீராவி மேலோட்டைத் தூக்கத்தான் செய்யும். மூடும்போது மேல் மாவை இழுத்துக் கட்டாமல், ஆப்பிள் மேல் தளர்வாகப் படியவிட்டு, கையால் தடவிக் காற்றை வெளியேற்றிவிட்டு ஓரத்தை ஒட்டினால் இன்னும் குறையும் என்று நினைக்கிறேன். சாப்பிட்ட அனுபவம் மட்டும் உள்ளவன் சொல்வது.

ஓடிஜி_ஒண்டிவீரன் | ஞாயிறு, இரவு 9:10

நானும் பண்ணேன். பச்சை ஆப்பிள் பாதி, சிம்லா பாதி, 18 செ.மீ. கேக் டின்ல. கீழ் கம்பி வித்தை வேலை செஞ்சுது, அடி முறுக்கு மாதிரி மொறுமொறு. உள்ளயும் கூழாகல. ஆனா மேல்பக்கம் கரிக்கட்டை. என் ஓ.டி.ஜி. குட்டி, மேல் கம்பிக்கும் பைக்கும் ரெண்டு விரல்தான் இடைவெளி. மேலோட்டைப் பேர்த்துப் போட்டுட்டு மீதியைத் தின்னோம். அம்மா வீடியோ கால்ல பார்த்துட்டு, "பையோட வாயைத் திறந்துட்டியா"ன்னாங்க.

கறுவாப்பட்டை | ஞாயிறு, இரவு 9:25

தம்பி, மேல் கம்பி போடேக்க பைக்கு மேல ஒரு ஃபொயில் தாளைத் தளர்வா மூடி விடும். கடைசிப் பத்து நிமிசம் மட்டும் எடுத்தால் போதும். கம்பியைத் தொடாமல் பாத்து வையும். அடுத்த கிழமை படம் போடோணும்.